சர்க்கரைத் தண்ணியில் காரத்தை அளந்தவர்

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த ஃபாஸ்ட் ஃபுட் கடை முன்னாடி நின்றாலும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் கண்ணில் படும். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மூடியில் ஓட்டை. எவ்வளவு பீய்ச்சணும் என்பதை அண்ணன் கை முடிவு பண்ணும், நாம பேசாம தட்டை வாங்கிக்கொள்வோம். அதே சாஸை சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி பாட்டிலில் வாங்கினால் விலை ஏறும், கூடவே சில பாட்டில்களில் ஒரு எண்ணும் ஏறும். 2,500 ஸ்கோவில், 50,000 ஸ்கோவில், 10 லட்சம் ஸ்கோவில். இந்த ஸ்கோவில் என்பது கிலோ, மீட்டர் மாதிரி ஒரு அலகு. நியூட்டன், வாட், ஆம்பியர் மாதிரி ஒரு மனுஷனின் பெயரும் கூட. நியூட்டனைப் பற்றி நமக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் இவர் அளந்தது நாம தினமும் மூணு வேளை சாப்பிடுகிற விஷயத்தை.

வில்பர் லிங்கன் ஸ்கோவில் 1865 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் பிறந்தார். அப்போது அங்கே ஆபிரகாம் லிங்கன் அதிபர், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. இவருக்கு மூன்று வயது ஆனபோது, நாட்டின் தெற்குக் கோடியில் லூசியானாவில், எட்மண்ட் மெக்கில்ஹென்னி என்பவர் ஏவரி தீவில் மிளகாய் பயிரிட்டு டபாஸ்கோ சாஸ் வியாபாரத்தைத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பின்னாளில் அந்த பாட்டிலைப் பற்றிப் பேசும் எவரும் இவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாத நிலை வந்தது.

ஸ்கோவில் சமையல்காரர் இல்லை, விவசாயி இல்லை, சாஸ் கம்பெனிக்காரரும் இல்லை. மருந்து கலக்கும் ஆள். உங்க தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க, கம்பவுண்டர் என்ற சொல் அவருக்கு நல்லா தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி, ஜன்னல் வழியா ரோஸ் கலர் மிக்சரை பாட்டிலில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். அட்டை அட்டையாக மாத்திரை வருவதற்கு முன்னால் மருந்து என்பது கடையில் அரைத்து, கரைத்து, வடிகட்டித் தயாரிக்கிற சமாச்சாரம். அந்தக் கலையை பாஸ்டனில் இருந்த மாசசூசெட்ஸ் மருந்தியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பாடம் நடத்தினார் ஸ்கோவில். 1891-ல் கோரா அப்ஹாம் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண் குழந்தைகள்.

1895-ல் அவர் எழுதிய புத்தகம் வந்தது. மருந்து கலக்கும் கலை என்பதுதான் தலைப்பின் அர்த்தம். பதிப்பு மேல் பதிப்பாக வந்து, அவர் இறந்து பல வருஷம் கழித்தும் மருந்தியல் மாணவர்களின் கையில் இருந்த புத்தகம் அது. நமக்கு அதில் ஒரு விஷயம் முக்கியம். மிளகாய்க் காரத்துக்கு மாற்று பால் என்று அச்சில் சொன்ன ஆரம்பகாலப் புத்தகங்களில் அதுவும் ஒன்று. இதை நம்ம வீட்டில் யாரும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காரக்குழம்புக்கு அப்புறம் தயிர் சாதம் வரும், அவ்வளவுதான். ஆனால் காரணம் சுவாரஸ்யமானது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. அதனால் காரம் சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணி குடிப்பது, எண்ணெய்ச் சட்டியைப் பச்சைத் தண்ணீரில் கழுவுவது மாதிரி. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பாலின் கொழுப்பும் உதவும். சோப்பு செய்கிற வேலைக்கு நெருக்கமான வேலை.

இடையில் ஒரு சின்ன விஷயம். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு அமிலம், காரம் என்று வேதியியலில் ஒரு ஜோடி ஞாபகம் இருக்கும். அந்தக் காரம் வேற, இந்தக் காரம் வேற. சோடியம் ஹைட்ராக்சைடு காரம், மிளகாய் அந்த அர்த்தத்தில் காரமே இல்லை. கேப்சைசின் மூலக்கூறில் ஃபீனால் தொகுதி இருப்பதால், கணக்குப் பார்த்தால் அது லேசான அமிலப் பக்கம்தான் சாயும். அதனால் காரத்தை எலுமிச்சை சமன் செய்துவிடும் என்று யாராவது டைட்ரேஷன் கணக்கு போட்டால் நம்பாதீங்க. புளிப்பு கவனத்தைத் திருப்பும், காரத்தை அழிக்காது.

சரி, கதைக்கு வருவோம். கல்லூரியை விட்டு ஸ்கோவில் டெட்ராய்ட் நகரத்தில் இருந்த பார்க்-டேவிஸ் என்ற பெரிய மருந்துக் கம்பெனிக்குப் போனார். அந்தக் காலத்து மருந்துகளில் மிளகாய்க்கு ஒரு இடம் இருந்தது. மூட்டு வலி, தசை வலிக்குத் தேய்க்கிற தைலத்தில் மிளகாய்ச் சாறு சேர்ப்பார்கள். தேய்த்த இடம் சூடாகும், வலி மறக்கும். இன்றைக்கும் கேப்சைசின் கலந்த வலி நிவாரணிக் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கிறது.

பிரச்சினை எங்கே என்றால், மிளகாய் ஒரு ஒழுங்கில்லாத சரக்கு. ஒரே செடியில் இரண்டு காய் பறித்தால் இரண்டுக்கும் காரம் வேற. மழை குறைந்த வருஷம் ஒரு மாதிரி, நல்லா பெய்த வருஷம் வேற மாதிரி. சமையலில் இது பெரிய விஷயம் இல்லை, அம்மா ருசி பார்த்து சரிபண்ணிவிடுவார். தைலத்தில் அப்படி முடியாது. போன மாதம் வாங்கிய மூட்டையின் அளவிலேயே இந்த மாதம் வந்த மூட்டையையும் போட்டால், ஒரு பாட்டில் வேலை செய்யாது, இன்னொரு பாட்டில் தோலைக் கொப்பளிக்க வைக்கும். வாடிக்கையாளரின் முதுகு சம்பந்தப்பட்ட விவகாரம். இன்றைய மொழியில் சொன்னால் குவாலிட்டி கண்ட்ரோல் பிரச்சினை.

கேப்சைசின் என்ற பெயரே 1876-ல் ஜான் கிளஃப் த்ரெஷ் என்பவர் வைத்தது. சுத்தமாகப் பிரித்து எடுத்தது 1898-ல். அதன் அமைப்பு என்ன என்பது 1919-ல்தான் தெரியவந்தது. நடுவில், 1912-ல் உட்கார்ந்து யோசிக்கும் ஸ்கோவிலிடம் அந்தச் சிறிய அளவைத் துல்லியமாகக் காட்டக்கூடிய கருவி எதுவும் இல்லை. அவரிடம் இருந்த மிக நுட்பமான சென்சார் நாக்குதான்.

நாக்கை வைத்து அளப்பது என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? மிளகாயைக் கடித்துப் பார்த்து பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறு என்று மார்க் போடுவோம். அது உருப்படாது. என் எட்டு உங்களுக்கு மூணாக இருக்கும், காலையில் எட்டு போட்டவன் மத்தியானம் அதே மிளகாய்க்கு அஞ்சு போடுவான். ஸ்கோவில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எவ்வளவு காரம் என்று நாக்கிடம் கேட்கவில்லை. காரம் இருக்கா, இல்லையா என்று மட்டும் கேட்டார். அரைத்த மிளகாய் ஒரு கிரெயின், அதாவது சுமார் 65 மில்லிகிராம் எடுத்து, 100 மில்லி ஆல்கஹாலில் ராத்திரி முழுக்க ஊறவைத்தார். கேப்சைசின் தண்ணீரில் இறங்காது, ஆல்கஹாலில் இறங்கும். மறுநாள் நன்றாகக் குலுக்கி, வடிகட்டி, அந்தச் சாற்றை இனிப்புத் தண்ணீரில் அளந்து கலந்தார். அதை நாக்கில் வைத்துப் பார்ப்பது, இன்னும் நீர்க்க வைத்துப் பார்ப்பது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் காரம் தெரிகிற கடைசி எல்லை எதுவோ, அந்த இடத்தில் எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறது என்பதுதான் அந்த மிளகாயின் எண். ஒரு பங்கு மிளகாயை 30,000 பங்கு சர்க்கரைத் தண்ணியில் கரைத்த பிறகும் சுள்ளுனு தெரிந்தால், அது 30,000.

முதல் வருஷம் ஃபிசிக்ஸ் லேபில் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் செய்திருப்பீங்க. கால்வனாமீட்டர் முள் எவ்வளவு ஓடுகிறது என்று அங்கே யாரும் படிப்பதில்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து, அளவை வேறு இடத்திலிருந்து எடுப்போம். கருவி மட்டமாக இருந்தாலும் விடை ஓரளவு சரியாக வரும். ஸ்கோவிலின் யோசனை அதுக்கு நெருங்கிய சொந்தம். நம்ப முடியாத சென்சாரிடம் ஆமா-இல்லை கேள்வி மட்டும் கேட்டு, எண்ணை அளவுக்குழாயிலிருந்து எடுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மிளகாயே பிடிக்காத ஒருத்தர்கூட இந்த யோசனையை ரசிக்கலாம்.

அந்த 1912 கட்டுரை அமெரிக்க மருந்தியல் சங்கத்தின் இதழில் வந்தது. மிளகாய் பற்றிய ஒரு குறிப்பு என்கிற அளவுக்குத்தான் தலைப்பு, நீளமும் குறைவு. அதில் ஜப்பான் மிளகாய்க்கு 20,000 முதல் 30,000, சான்சிபார் மிளகாய்க்கு 40,000 முதல் 45,000, கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசா மிளகாய்க்கு 50,000 முதல் 1 லட்சம் வரை என்று கொடுத்திருந்தார். ஒரே ஊர் மிளகாய்க்குள்ளேயே இரண்டு மடங்கு வித்தியாசம். மூட்டையின் மேல் எழுதிய ஊர்ப் பெயரை நம்பி மருந்து கலக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

இந்த எண்ணை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். சுத்தமான கேப்சைசினுக்கு 1 கோடியே 60 லட்சம் ஸ்கோவில் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 16 ஸ்கோவில் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பி.பி.எம். ஈ.சி.ஆரில் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையைத் தாண்டிப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்க. கடல் தண்ணீரில் உப்பு சுமார் 35,000 பி.பி.எம். நம்ம கடைகளில் கிடைக்கும் குண்டூர் சன்னம் மிளகாய் சுமார் 35,000 ஸ்கோவில், அதாவது ஏறக்குறைய 2,200 பி.பி.எம். எண் ஒன்றாகத் தெரிந்தாலும் உப்பில் பதினாறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கேப்சைசின் இருக்கிறது. அதற்கே நாக்கு என்ன பாடு படுகிறது.

இப்ப சமையலறைக்கு வருவோம், ஏனென்றால் ஸ்கோவில் கணக்கு உண்மையில் பயன்படுவது அங்கேதான். அவர் நீர்க்க வைத்து அளந்தார். சமைக்கிறவர்கள் தெரியாமலேயே அதைத்தான் செய்கிறார்கள். டபாஸ்கோ சாஸ் 2,500 முதல் 5,000. ஒரு டீஸ்பூன், 5 கிராம் என்று வைத்துக்கொண்டு, ஒரு கிலோ குழம்பில் விட்டால் 200 மடங்கு நீர்க்கிறது. மிஞ்சுவது 12 முதல் 25. இப்போ கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஒரு வீட்டில் அதே ஒரு கிலோ மீன் குழம்பு வைக்கிறார்கள். தனி மிளகாய்த்தூள் மூன்று டீஸ்பூன், சுமார் 7.5 கிராம். தூள் குண்டூர் ரகம் என்றால் 260 தாண்டும். பத்து மடங்கு. தூள் காரம் குறைந்த ரகம், பாதிதான் என்று வைத்தாலும் அஞ்சு மடங்குக்குக் குறையாது. வெளிநாட்டு பாட்டிலைப் பார்த்து பயப்படுகிற நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைவிடக் காரமான ஒன்றை இரண்டு தட்டு சோற்றோடு முடித்திருக்கிறீர்கள்.

அப்ப சாஸ் எதுக்கு? காரத்துக்காக இல்லை என்பதுதான் பதில். காரம் வேண்டுமென்றால் நம்மிடம் தூள் இருக்கு, பச்சை மிளகாய் இருக்கு. ஒவ்வொரு சாஸும் காரத்தோடு கூட்டிக்கொண்டு வருகிற மற்ற சாமானில்தான் வித்தியாசம்.

டபாஸ்கோ மாதிரியானது தண்ணியாக இருக்கும். மிளகாய், உப்பு, வினிகர், மூன்றே பொருள். மிளகாய் விழுதை உப்பு போட்டு ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருஷம் வரை ஊறவிட்டு, அப்புறம் வினிகர் சேர்க்கிறார்கள். அந்த ஊறிய வாசனைதான் அதன் சொத்து. இதைக் கொதிக்கிற குழம்பில் விட்டால் வினிகர் ஆவியாகி, காசும் ஆவியாகும். அடுப்பை அணைத்த பிறகு அல்லது தட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடணும். வேகவைத்த முட்டை, ஆம்லெட், சுண்டல், பொரித்த நெத்திலி, எங்கெல்லாம் எலுமிச்சை பிழிவீர்களோ அங்கெல்லாம் இது செட் ஆகும். வஞ்சிரம் வறுவலுக்கு மசாலா தடவும்போது எலுமிச்சைக்குப் பதில் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்க, நல்லா இருக்கும். ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாதீங்க. அமிலம் மீனின் புரதத்தை அடுப்பில்லாமலே வேகவைத்து, சதையை உதிர்த்துவிடும். பாலில் விட்டால் திரியும், தயிரில் விடலாம்.

ஸ்ரீராச்சா தாய்லாந்தில் சி ராச்சா என்ற கடலோர ஊரின் பெயர். பூண்டும் சர்க்கரையும் உண்டு, கெட்டியாக இருக்கும். காரம் டபாஸ்கோவைவிடக் கொஞ்சம் குறைவாகவோ அதை ஒட்டியோ வரும். சர்க்கரை இருப்பதால் தோசைக்கல்லில் ஆரம்பத்திலேயே ஊற்றினால் கருகிக் கசக்கும். இறால் வறுக்கிறீர்கள் என்றால் இறால் சுருண்டு நிறம் மாறிய பிறகு, கடைசி ஒரு நிமிஷத்தில் விட்டுப் பிரட்டி இறக்கணும், பளபளன்னு ஒட்டிக்கொள்ளும். கெட்டித் தயிரில் கலந்தால் பஜ்ஜிக்கும் காரப் பணியாரத்துக்கும் தொட்டுக்க அருமை. தேங்காய் கிடைக்காத ஹாஸ்டல் வாழ்க்கையில் அது சின்ன விஷயம் இல்லை.

ஃபாஸ்ட் ஃபுட் கடை சிவப்பு, பச்சை சாஸ்களில் மாவுச்சத்தும் வினிகரும் அதிகம், மிளகாய் குறைவு. பலருக்கும் இது கேவலமாகத் தெரியும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகத் தீயில், எண்ணெய் புகையும் நேரத்தில் வாணலியின் ஓரத்தில் விட்டால் மாவுச்சத்து சோற்றில் மெல்லிசாகப் பூசிக்கொள்ளும், அதற்காகவே செய்யப்பட்ட சாஸ் அது. வீட்டில் சின்ன அடுப்பில் மொத்தச் சோற்றையும் கொட்டிவிட்டு மேலே ஊற்றினால் சொதசொதன்னு ஆகிறது என்றால் தப்பு சாஸில் இல்லை, தீயில். பச்சை சாஸுக்குப் பச்சை வாசனைதான் பலம், அதை நூடுல்ஸ் மேல் கடைசியில் விடுவது நல்லது.

ஷெஷ்வான் என்று நம்ம ஊரில் விற்பது எண்ணெயில் வதக்கிய பூண்டு, காய்ந்த மிளகாய் விழுது. இதை வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்க. வரமிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு வைத்து அரைத்து நல்லெண்ணெயில் வதக்கினால் அம்மா செய்யும் காரச் சட்னி. ஷெஷ்வான் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி, சித்தப்பா வீட்டில் சர்க்கரையும் சோயா சாஸும் போட்டு வளர்ந்தவன். எண்ணெய் இருப்பதால் இதில் காரம் மெதுவாக ஏறி, ரொம்ப நேரம் நிற்கும். வினிகர் சாஸில் சட்டென்று வந்து சட்டென்று போகும். இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைக்கும்போது காரம் மட்டுப்பட்ட மாதிரி தெரிவதற்கும் இதே எண்ணெய்தான் காரணம். கேப்சைசின் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது, நாக்கின் ஈரத்துக்குள் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை.

ஸ்கோவிலின் சர்க்கரைத் தண்ணியையும் கவனிங்க. இனிப்பு காரத்தைக் கொஞ்சம் மறைக்கும், நாக்கை எரிச்சலிலிருந்து காக்கும். வத்தக்குழம்பு இறக்கும் நேரத்தில் சின்ன வெல்லத் துண்டு போடுகிறார்களே, அந்தப் பாட்டிமார்கள் யாரும் டெட்ராய்ட்டுக்குப் போகவில்லை.

அவர் முறையில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. நாக்கு களைத்துப்போகும். கேப்சைசினைத் தொடர்ந்து சுவைத்தால் உணர்ச்சி மரத்துவிடும், அடுத்த மிளகாய் சாதுவாகத் தெரியும். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவரின் நாக்கும், குழந்தையின் நாக்கும் ஒன்றாகாது. அதனால் பின்னாளில் முறைப்படுத்தியபோது 5 பேரை உட்கார வைத்து, 3 பேராவது ஒத்துக்கொண்டால்தான் எண் என்று ஆக்கினார்கள். 1980-களுக்கு மேல் எச்.பி.எல்.சி. கருவி வந்தது. அது கேப்சைசினையும் அதன் உறவுக்காரச் சேர்மங்களையும் நேரடியாக அளந்து பி.பி.எம்.-ல் சொல்லிவிடும், நாக்கு தேவையில்லை. ஆனால் கருவி சொன்ன விடையைப் பதினைந்தாலோ பதினாறாலோ பெருக்கி, திரும்பவும் ஸ்கோவில் எண்ணாக மாற்றித்தான் பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். வேலை போனது, பெயர் போகவில்லை.

நாக்கில் என்னதான் நடக்கிறது என்பது 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்த பிறகே புரிந்தது. டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் நரம்பு நுனியில் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் கள்ளச்சாவி போட்டு அதே கதவைத் திறக்கிறது. 2021-ல் அந்த வேலைக்காக ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தமிழில் காரமும் சூடும் வேறு வேறு சொல், நம் நரம்புக்கு இரண்டும் ஒன்று. அதனால்தான் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடும் மீன் குழம்பு அதிகமாக எரிகிறது, மறுநாள் காலை ஆறிப்போன அதே குழம்பு இட்லியோடு சாந்தமாக இருக்கிறது. பறவைகளுக்கு இந்தக் கள்ளச்சாவி பொருந்தாது. கிளி மிளகாயைக் கொத்தித் தின்றுவிட்டு ஜாலியாகப் பறக்கும்.

மிளகாய் நம்ம ஊர்ச் சரக்கு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டிய பல்லவர்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். புதுசா வந்த காய்க்கும் மிளகின் பெயரையே வைத்து மிளகாய் என்றார்கள். இன்றைக்கு அதே கோயிலுக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள் அப்பாமல் ஒரு மீனும் எண்ணெயில் இறங்குவதில்லை.

ஸ்கோவிலுக்கு மரியாதை உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது. 1922-ல் அமெரிக்க மருந்தியல் சங்கத்தின் எபர்ட் பரிசு, 1929-ல் ரெமிங்டன் பதக்கம், அதே வருஷம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். மருந்துத் துறையில் பெரிய மனிதராக வாழ்ந்து, 1942 மார்ச் 10 அன்று ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரத்தில், 77 வயதில் இறந்தார். 2016-ல் அவருடைய 151-வது பிறந்தநாளுக்கு கூகுள் முகப்பில் ஐஸ்கிரீமை வைத்து மிளகாயை அடக்கும் விளையாட்டு ஒன்று வந்தது, சிலர் விளையாடியிருப்பீர்கள்.

தைலம் ஒரே சீராக இருக்கணும் என்பதற்காக அவர் உண்டாக்கிய எண் இப்போது பந்தய எண்ணாகிவிட்டது. 2007-ல் நம்ம வடகிழக்கின் பூத் ஜொலோக்கியா 10 லட்சம் தாண்டி கின்னஸில் ஏறியது. 2013-ல் கரோலினா ரீப்பர், 2023-ல் பெப்பர் எக்ஸ், 26.93 லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாஸ், ஒவ்வொரு சாஸுக்கும் மண்டை ஓடு போட்ட லேபிள், அதைக் குடித்துக்காட்டும் வீடியோ. 2023 செப்டம்பரில், ஸ்கோவில் பாடம் நடத்திய அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இப்படி ஒரு சவாலுக்காக அதிகாரச் சிப்ஸ் ஒன்றைச் சாப்பிட்ட 14 வயதுப் பையன் அன்றே இறந்துபோனான். அவனுக்கு இதயத்தில் ஏற்கெனவே குறை இருந்தது, அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் அதோடு அதிக அளவு கேப்சைசினும் குறிப்பிடப்பட்டது. கம்பெனி அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. ஹாஸ்டலில் பர்த்டே நாளில் கேக்குக்குள் இந்த மாதிரி சாஸைத் தடவி ஊட்டலாம் என்று யாருக்காவது தோன்றலாம். பக்கத்து ரூம்காரன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்த பாட்டிலை எடுத்து உள்ளே வைங்க.

விளையாட்டு வேணும்னா ஸ்கோவில் ஆடிய ஆட்டத்தையே ஆடலாம். சாதாரண வினிகர் சாஸ் இரண்டு மூன்று ரகம் வாங்கிக்கொள்ளுங்க. மிளகாய்த்தூளும் ஷெஷ்வானும் இதுக்கு ஆகாது, ஒன்றுக்கு ஆல்கஹால் வேணும், இன்னொன்று எண்ணெயாக மிதக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 50 கிராம் சர்க்கரை கரைத்து வைங்க. சாஸ் ஒரு மில்லி, சர்க்கரைத் தண்ணி 99 மில்லி, நூறு மடங்கு. அதிலிருந்து 10 மில்லி எடுத்து 90 மில்லி சேர்த்தால் ஆயிரம். அதைப் பாதிக்குப் பாதி செய்துகொண்டே போனால் 2,000, 4,000, 8,000. அளவுக்கு மருந்துக்கடை சிரிஞ்ச் போதும், ஊசி வேண்டாம். அஞ்சு பேர் உட்காருங்க, டம்ளரில் எண்ணை மட்டும் எழுதி, எது எந்த சாஸ் என்று சொல்லாம கொடுக்கணும். ரொம்ப நீர்த்ததிலிருந்து தொடங்கி மேலே வாங்க, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அஞ்சு நிமிஷம் இடைவெளி விட்டு, ஒரு மடக்கு மோர். மூன்று பேர் ஆமா என்று கை தூக்கும் முதல் டம்ளர் எதுவோ, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு பாட்டிலின் லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்க. மிச்சமிருக்கும் சாஸுக்கு ஆம்லெட் போதும்.